299 ரூபாய் டி-ஷர்ட்: மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள்?

ஃபேஷன் தொழிலால் நன்மை அதிகமா, தீமை அதிகமா? நன்னிலத்திலிருந்து ஒரு கணக்கு

திருவாரூர் மாவட்டம் நன்னிலத்தில் ஒருவர் போனில் டி-ஷர்ட் ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 299 ரூபாய். டெலிவரி இலவசம். பிடிக்கலைன்னா திருப்பியும் அனுப்பிடலாம். இந்த 299 ரூபாய்க்குள் பருத்தி விளைவித்தவர், நூல் நூற்ற மில், துணி பின்னியவர், சாயம் போட்ட பட்டறை, தைத்தவர், செக்கிங், அயர்ன், பேக்கிங் பார்த்தவர்கள், லாரிக்காரர், டெலிவரி பையன் என எல்லோருக்கும் பங்கு போக வேண்டும். கடைசியில் விற்றவருக்கு லாபமும் நிற்க வேண்டும். எப்படிக் கட்டுப்படியாகிறது?

தமிழக அரசு 2025 செப்டம்பரில் சாதா ரக நெல்லுக்கு நிர்ணயித்த கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கிலோ 25 ரூபாய். ஆக, ஒரு டி-ஷர்ட்டின் விலை ஏறத்தாழ 12 கிலோ நெல். விவசாயியின் கண்ணில் அது சல்லிசு இல்லை. வாங்கும் இளைஞரின் கண்ணில் அது ஒரு பிரியாணியின் விலை. ஒரே சட்டை இரண்டு பேருக்கு இரண்டு விலையாகத் தெரிகிறது. இந்தத் தொழிலைப் பற்றிய வாதமும் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: யார் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்து.

நன்னிலத்துக்கும் ஃபேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முடிகொண்டான் ஆறு பாயும் நெல் வயல் பூமி அது. பேரிலேயே நல்ல நிலம் இருக்கிறது. ஆனால் இரண்டு வழிகளில் இந்த ஊர் பின்னலாடைத் தொழிலோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒன்று, ரயில். மாவட்டத்தின் மன்னார்குடியிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் செம்மொழி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் திருப்பூரில் நிற்கிறது. பக்கத்து மயிலாடுதுறையிலிருந்து கோயம்புத்தூர் ஜன் சதாப்தியும் திருப்பூர் வழியாகத்தான் போகிறது. பொங்கல் முடிந்த வாரம் இந்த ரயில்களில் ஏறிப் பார்த்தால் தெரியும், டெல்டாவிலிருந்து எத்தனை பேர் பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று.

இன்னொன்று, ஆறு. ரயிலில் ஆட்கள் மேற்கே போகிறார்கள். ஆற்றில் தண்ணீர் கிழக்கே வருகிறது. மேற்கே என்ன கலந்தாலும் வந்து சேரும் திசை இதுதான்.

முதலில் நன்மை

ஃபேஷன் என்றதும் பாரிஸ் மேடையில் பூனை நடை நடக்கும் மாடல்கள் ஞாபகத்துக்கு வந்தால், அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் என்ற ஒரே ஊரிலிருந்து போகிறது. 2024-25 நிதியாண்டில் அதன் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். நேரடியாக வேலை பார்ப்பவர்கள் சுமார் 6 லட்சம் பேர், அதில் பெரும்பகுதி பெண்கள்.

டெல்டாவின் வேலைக் காலண்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. பிறகு சம்பா, தாளடி. நடவுக்குச் சில வாரம், களைக்குச் சில வாரம். அறுவடைக்கு முன்பெல்லாம் ஆள் வேண்டும், இப்போது இயந்திரம் வந்து சில மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. நாற்று நடவும் பல இடங்களில் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. ஆண்டில் பாதி நாள் கூலி வேலை கிடையாது. தண்ணீர் வராத வருஷம் என்றால் அந்தப் பாதியும் சந்தேகம்தான். இந்த நிலையில், ஓவர்லாக் மிஷினோ பேட்லாக்கோ ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் கையில் வருவது சாதாரண மாற்றம் இல்லை. குச்சு வீடு ஓட்டு வீடாவதும், தம்பி பாலிடெக்னிக் முடிப்பதும், அடகு வைத்த தோடு மீண்டு வருவதும் அந்தச் சனிக்கிழமைகளால்தான். ஃபேஷன் தொழிலை இழுத்து மூட வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த வீடுகளுக்கு ஒருமுறை போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

இன்னொரு நன்மை இருக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்கள் என்ன உடுத்தலாம் என்பதை மிராசுதார்தான் தீர்மானித்தார். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது. மீறினால் என்ன தண்டனை என்பதை ‘சாணிப்பால், சவுக்கடி’ என்ற இரண்டு வார்த்தைகள் இன்றைக்கும் இந்தப் பகுதியில் ஞாபகப்படுத்தும். விவசாயத் தொழிலாளர் இயக்கம் தஞ்சைச் சீமையில் எதிர்த்து நின்றது கூலிக்காக மட்டும் இல்லை, இந்த உடுப்புச் சட்டத்துக்கும் எதிராகத்தான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே உடம்பில் சட்டை ஏறிவிடவில்லை. சட்டை வாங்கக் காசு வேண்டும். பாலியெஸ்டரும் ரெடிமேடும் பனியனும் மலிவாகி, தெருவோரக் கடை வரைக்கும் வந்த பிறகுதான் உடையை வைத்து ஆளை எடைபோடுவது கஷ்டமாயிற்று. இன்றைக்கு நன்னிலத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஜீன்ஸ் போட்டு நிற்கும் பத்துப் பேரில் யாருடைய தாத்தா நிலம் வைத்திருந்தார், யாருடைய தாத்தா அதில் உழுதார் என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அதன் ஒரு அடையாளச் சீட்டைக் கிழித்துப்போட்டதில் மலிவான ஆயத்த ஆடைக்குப் பங்கு உண்டு.

அதனால், “துணி விலை ஏறினால்தான் பூமி பிழைக்கும்” என்ற வாதம் கேட்க நன்றாக இருந்தாலும், முதலில் யாருடைய உடம்பிலிருந்து அது சட்டையைக் கழற்றும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றின் கணக்கு

இப்போது மேற்கே போவோம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை புரிந்துவிடும். துணியைச் சாயக் கரைசலில் போட்டால் நிறம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. ஒட்ட வைக்க உப்பு வேண்டும். ஒரு லிட்டர் கரைசலுக்குப் பல பத்து கிராம் உப்பு. கூடவே சோடா சாம்பல். சாயத்தில் ஒரு பகுதி துணியில் ஏறும், மிச்சம் தண்ணீரிலேயே நிற்கும். உப்போ, ஒரு துளியும் துணியில் தங்காது. உதவி செய்துவிட்டு முழுசாகத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பிறகு துணியைத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஆக, ஒவ்வொரு வண்ணச் சட்டைக்குப் பின்னாலும் உப்புத் தண்ணீர் இருக்கிறது. நிறம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் பதறுகிறார்கள். நிலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புதான்.

திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் இந்தத் தண்ணீரைப் பல ஆண்டுகள் நொய்யலில் விட்டன. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. கலக்குமுன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஒரு அணை. பல ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியானது. அணையைத் திற என்று போராடுவதுதான் விவசாயியின் வழக்கம். இங்கே ஆயக்கட்டு விவசாயிகள், தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ப்பு விட்டது. மாடு குடிக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன விவசாயம் செய்வது?

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வராத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கெடு மேல் கெடு போனது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் அத்தனை பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. திருப்பூர் ஆடிப்போனது. சாயம் போடாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். வேறு மாவட்டங்களில் திருட்டுத்தனமாகச் சாயம் போட்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. மூடச் சொன்ன தீர்ப்பின் வலி முதலில் விழுந்தது முதலாளி மேல் இல்லை, வாரச் சம்பளக்காரர் மேல்.

ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் விஷயம் நகர்ந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன, அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இப்போது சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் எடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரிய தொழில் நகரம் முழுக்க இப்படி மாறிய உதாரணம் உலகத்திலேயே அதிகம் இல்லை. திருப்பூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் காய்ச்ச விறகும் மின்சாரமும் வேண்டும், கடைசியில் மிஞ்சும் உப்புச் சகதியை எங்கே கொட்டுவது என்ற தலைவலி வேண்டும், மழை நாளில் நொய்யலில் நுரை பொங்கும் படங்களும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. திருடன் முழுசாகத் திருந்தவில்லை, ஆனால் தெருவில் போலீஸ் நிற்கிறது.

நன்னிலம் வயலில் திருப்பூர்ச் சாயம் பாய்கிறது என்று சொல்ல முடியாது. காவிரி பெரிய ஆறு, வழியில் நீர்த்துப்போகும். நேரடி அடி வாங்கியது ஒரத்துப்பாளையமும் கரூர்ப் பக்கமும்தான். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு ஆகிய சாயப்பட்டறை ஊர்கள் காவிரிக் கரையிலும் அதன் வழியிலும் இருக்கின்றன. திருப்பூர் நொய்யலில். கரூர் அமராவதியில், அதுவும் காவிரியில்தான் சேர்கிறது. தமிழ்நாட்டின் சாயத்தொழிலில் பெரும்பகுதி டெல்டாவுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. டெல்டாவின் பல ஊர்களுக்குக் குடிதண்ணீரும் கொள்ளிடக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகத்தான் வருகிறது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய சட்டம், இங்கே புதிதாகத் தோல் பதனிடும் ஆலை வரக் கூடாது என்று தடுக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மண்டலத்தின் எல்லை நிலத்துக்குப் போட்டது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. கடைமடை விவசாயிக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

மிஷினுக்குப் பின்னால் இருப்பவர்

ஆற்றுக்கு நடந்தது ஆளுக்கும் நடந்தது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரை முப்பது வயது தாண்டிய பலர் கேட்டிருப்பார்கள். 2000-களில் நூற்பாலைகள் தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் ஏழைக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தன. ஹாஸ்டலில் தங்க வேண்டும், வெளியே போகக் கூடாது. முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு. அந்தத் தொகை தனியாக யாரும் கொடுத்த பரிசு இல்லை. மாதா மாதம் கொடுக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்ததுதான். உடம்பு முடியாமல் இரண்டரை வருடத்தில் திரும்பி வந்தவர்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. தாலியின் பெயரை ஒரு கொத்தடிமைத்தனத்துக்கு வைத்த அந்த விளம்பர மூளையை என்ன சொல்வது!

கூலி விஷயமும் அப்படித்தான். தமிழகத்தில் தையல் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலி பத்து ஆண்டுகளுக்கும் மேல் அசையாமல் கிடந்து, 2014 டிசம்பரில்தான் கணிசமாக உயர்த்தப்பட்டது. ஆலை முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வை உறுதி செய்தது. இங்கேயும் நீதிமன்றம்தான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஒரு ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். வழக்கமாக இப்படிச் செய்திகள் இரண்டு நாளில் மறைந்துவிடும். இந்த முறை தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்களே நடத்தும் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் சங்கமும் ஒரு பக்கம், எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் ஆகிய உலக பிராண்டுகள் இன்னொரு பக்கம். தொழிற்சாலைத் தளத்தில் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே பாலியல் சீண்டலையும் மிரட்டலையும் கண்காணிப்பார்கள், சுயேச்சையான புகார் முறை இருக்கும். நிறுவனம் மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கை வைக்க வேண்டும், அதுவும் சட்டப்படி கட்டுப்படுத்தும் கடமையாக. ஆசிய ஆடைத் தொழிலில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக இப்படி ஒன்று வந்தது அதுவே முதல் முறை. சுவரில் ஒட்டும் ‘நடத்தை விதி’ போஸ்டருக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தக் கடைசி நிபந்தனைதான். மீறினால் பணம் போகும்.

வங்கதேசத்திலும் இதே பாடம்தான், பல மடங்கு கொடூரமாக. 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகுதான், பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் அங்கே வந்தது.

பணம் எங்கே போகிறது?

ஐரோப்பாவில் இயங்கும் ஃபேர் வேர் அமைப்பு ஒருமுறை ஒரு டி-ஷர்ட்டின் விலையைப் பிரித்துக் காட்டியது. கடையில் 29 யூரோ. அதில் தைத்த தொழிலாளிக்குப் போனது 18 சென்ட். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய பங்கு கடைக்கும் பிராண்டுக்கும். அப்படியென்றால் தைத்தவரின் கூலியை இரட்டிப்பாக்கினாலும் சட்டையின் விலை உயர வேண்டியது சில சென்ட்தான். “கூலி உயர்த்தினால் போட்டியில் நிற்க முடியாது” என்று திருப்பூர் ஏற்றுமதியாளர் சொல்வது பொய் இல்லை. அவருக்கு வரும் ஆர்டர் விலையில் அந்தச் சில சென்ட்டுக்கும் இடமில்லை. இடம் இல்லாமல் செய்தது விலையை நிர்ணயிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர். அவர் பெரும்பாலும் கடல் கடந்து இருக்கிறார். நம் ஊர் 299 ரூபாய் சட்டைக்கும் கணக்கு வேறல்ல. விலைப்பட்டியல் முதலில் எழுதப்படுகிறது, பிறகு அதற்குள் அடங்குகிற பட்டறை தேடப்படுகிறது.

கஷ்டம் வரும்போது யார் தாங்குகிறார்கள் என்பதிலும் அதே ஒழுங்குதான். 2020-ல் கொரோனா வந்ததும் பல உலக பிராண்டுகள், தைத்து முடித்த சரக்குக்குக்கூட ஆர்டரை ரத்து செய்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் ஷிஃப்டுகள் குறைந்தன. வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு டெல்டாவின் ஒரு வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம் சுருங்குகிறது. விலை ஏறினால் லாபம் மேலே நிற்கிறது, விலை இறங்கினால் நஷ்டம் கீழே ஓடி வருகிறது. தண்ணீர் மாதிரி.

கைத்தறிக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கல்யாணப் பெண்ணுக்குக் ‘கூறைப் புடவை’ என்ற பேரே மயிலாடுதுறையின் கொரநாட்டிலிருந்து வந்தது என்று இந்தப் பகுதியில் சொல்வார்கள். பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட அந்தச் சேலையை நெய்யும் தறிகள் இன்றைக்கு மிகக் கொஞ்சம். கும்பகோணம் அருகே திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கூட்டுறவுச் சங்கமும் வலுவாக இருப்பதால் அது தாக்குப்பிடிக்கிறது. ஆனால் 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கின்றன. அதனால்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் திருப்பூர் ரயிலில் ஏறுகிறது. பழசு எல்லாம் பொற்காலம் என்று பேசுவதற்கு முன்னால் இந்த 5,000-ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப் கணக்குகள்

“உலகின் இரண்டாவது பெரிய மாசு தொழில் ஃபேஷன்” என்று ஒரு வரி பல வருடமாகச் சுற்றுகிறது. தேடிப் போனால் அதற்கு உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை. பசுமைக்குடில் வாயுவில் இந்தத் தொழிலின் பங்கு 2 முதல் 8 சதவீதம் வரை என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. இடைவெளி பெரிது, ஆனால் கீழ் எண்ணே சின்னது இல்லை.

“ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர்” என்பதும் எல்லோரும் சொல்வது. பருத்திச் செடி குடிக்கும் மழை நீரையும் சேர்த்த கணக்கு அது. அதிர்ச்சியாக இருக்கிறதா? அதே மாதிரிக் கணக்கில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர். நன்னிலத்துக்காரர் அந்த டி-ஷர்ட்டைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது. எத்தனை லிட்டர் என்பதைவிட, போன தண்ணீர் எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி. வயலில் நின்ற தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும். உப்பேறிய தண்ணீரும் கிணற்றில் ஊறும். இரண்டும் ஒன்றல்ல.

அப்போ, நன்மையா தீமையா?

நன்மை ஒரு வீட்டிலும் தீமை இன்னொரு வீட்டிலும் விழும்போது, இரண்டையும் ஒரே தராசில் போட்டு எடை பார்ப்பது தப்பான வேலை. திருப்பூர்ச் சம்பளத்தில் ஓட்டு வீடு கட்டியவரும், ஒரத்துப்பாளையத்தில் கிணறு இழந்தவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் லாபத்தை வைத்து இன்னொருவர் நஷ்டத்தைக் கழிக்க யாருக்கும் உரிமை கொடுக்கப்படவில்லை.

ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. தீமைக்கு யாரும் பில் போடாத வரைக்கும் இந்தத் தொழில் தன்னைத் திருத்திக்கொள்ளவே இல்லை. ஆற்றுக்கு பில் போட்டது 2011 தீர்ப்பு. கூலிக்கு பில் போட்டது 2014 அறிவிப்பும் 2016 தீர்ப்பும். பெண்களின் பாதுகாப்புக்கு பில் போட்டது 2022 ஒப்பந்தம். பில் வந்த இடத்திலெல்லாம் தொழில் சாகவில்லை. 2011-ல் “திருப்பூர் முடிந்தது” என்றார்கள். அதன் பிறகுதான் ஏற்றுமதி 40,000 கோடியை எட்டியது. எனவே ‘வேலை வேண்டுமா, ஆறு வேண்டுமா’ என்று மக்களைப் பார்த்துக் கேட்பது ஏமாற்று. இரண்டும் வேண்டும் என்று கேட்ட இடத்தில் இரண்டும் கிடைத்திருக்கிறது, தாமதமாக, அரைகுறையாக என்றாலும். பில் வராத இடங்களில், அதாவது சின்னச் சின்ன அனுமதியில்லாப் பட்டறைகளிலும், சங்கமே இல்லாத பெரும்பாலான தொழிற்சாலைகளிலும், தீமையே இன்னும் கனமாக இருக்கிறது.

வாங்குபவர் மட்டும் நல்லவராகிவிட்டால் போதும் என்ற உபதேசம் இங்கே அதிகம் உதவாது. சட்டையை இரண்டு வருடம் கூடுதலாகப் போடுங்கள், நல்லதுதான். நம் வீடுகளில் பழைய பனியன் வண்டி துடைக்கும் துணியாகி, கடைசியில் கரித்துணியாகும் வரை உழைக்கும். திருப்பூரின் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்து மறுபடி நூலாக்கும் மில்கள் கொங்குப் பக்கம் ‘மறுசுழற்சி’ ஃபேஷன் வார்த்தையாவதற்கு முன்பே இருந்தன. ஆனால் நொய்யலைக் காப்பாற்றியது யாருடைய ஷாப்பிங் ஒழுக்கமும் இல்லை. வழக்குப் போட்ட விவசாயிகள்.

அடுத்த கேள்வி டெல்டாவின் வாசலுக்கே வரும். ஆள் பற்றாக்குறையால் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தையல் யூனிட்டுகளைப் பிற மாவட்டங்களுக்குக் கொண்டுபோவது நடந்துகொண்டிருக்கிறது. நன்னிலம் மாதிரி ஊரில் ஒரு யூனிட் வந்தால், வீட்டிலிருந்தே பெண்கள் வேலைக்குப் போய் வரலாம், ஹாஸ்டல் வேண்டாம், ராத்திரி ரயில் வேண்டாம். தையலுக்கு ஆற்றுத் தண்ணீரும் வேண்டாம், வேளாண் மண்டலச் சட்டத்துக்கும் அது முரணில்லை. வரட்டும். வரும்போது ஊராட்சிக் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கலாம். குறைந்தபட்சக் கூலி பீஸ் ரேட்டிலும் உறுதியா? புகார் சொல்ல சூப்பர்வைசரைத் தாண்டி ஒரு ஆள் உண்டா? தைக்கப் போகும் துணிக்குச் சாயம் எந்த ஊர்ப் பட்டறையில் ஏறியது, அதன் தண்ணீர் எங்கே போனது? மூன்றாவது கேள்விக்கு யூனிட் மேனேஜர் சிரிக்கலாம். துணி லாரியில் ரெடியாக வருகிறது, தண்ணீரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தத் தண்ணீரும் இதே பக்கம்தான் வருகிறது.